கடந்துபோகிறவர்போல்: மாற்கு ஆறாம் அதிகாரத்தில் ஒரு சொல்

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று பெரியது: இயேசு தேவன் என்பதற்கு எல்லோரும் யோவான் சுவிசேஷத்தையே காட்டுகிறார்கள், நான்கில் முதலில் எழுதப்பட்டதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதும் மாற்கு சுவிசேஷத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா, அல்லது அது பின்னால் வந்த சபை அவர்மேல் ஏற்றிவைத்த மகிமையா? இன்னொன்றை ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள்: மாற்கு 6:48-ல், எதிர்காற்றில் தவிக்கும் சீஷர்களிடம் கடலின்மேல் நடந்து வந்த இயேசு "அவர்களைக் கடந்துபோகிறவர்போல் காணப்பட்டார்" என்று இருக்கிறதே, உதவ வந்தவர் எதற்காகக் கடந்துபோக வேண்டும்?

ஓரமாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். பெரிய கேள்விக்கான கதவு எனக்குத் திறந்தது அந்த வசனத்தில்தான். சிறுவனாக ஞாயிறு பள்ளியில் நானும் அதே கேள்வியைக் கேட்டேன். ஆசிரியர் நல்ல மனிதர். சிறிது யோசித்துவிட்டு, "அடுத்த வசனத்துக்குப் போவோம்" என்றார். முப்பது ஆண்டுகள் நான் அடுத்த வசனத்துக்கே போய்க்கொண்டிருந்தேன்.

முதலில் காட்சியைச் சரியாகப் பார்க்க வேண்டும். ஐயாயிரம் பேர் அப்பம் தின்று திருப்தியான மாலை. இயேசு சீஷர்களைத் துரிதப்படுத்திப் படவில் ஏற்றி அனுப்புகிறார். ஜனங்களை அனுப்பிவிட்டு, ஜெபம்பண்ண மலையின்மேல் ஏறுகிறார். கலிலேயாக் கடல் என்பது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர், மிக அகன்ற இடத்தில் 13 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 210 மீட்டர் கீழே, மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் காற்று அந்தப் பள்ளத்தில் திடீரென்று சீறும் என்பது அங்கே மீன்பிடித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. 1986-ல் வறட்சியால் நீர்மட்டம் இறங்கியபோது, வடமேற்குக் கரைச் சேற்றுக்குள்ளிருந்து அந்தக் காலத்து மரப்படகு ஒன்று கிடைத்தது. நீளம் 8.2 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். சீஷர்களின் படவும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்க வேண்டும். படகின் விளிம்பு தண்ணீருக்கு மிகவும் தாழ்வு. அலையின்மேல் ஒருவர் நின்றால், தண்டு (துடுப்பு) வலிக்கிறவனின் கண்களுக்கு நேரே அவருடைய மார்பு தெரியும், அவ்வளவு நெருக்கம்.

சாயங்காலம் ஆனபோது படவு நடுக்கடலில் இருந்தது என்கிறார் மாற்கு. இயேசு வந்தது இரவின் நாலாம் ஜாமத்தில். உரோமர் இரவை நான்கு ஜாமங்களாகப் பிரித்தார்கள். நாலாம் ஜாமம் விடியற்காலை 3 மணிமுதல் 6 மணிவரை. அப்படியானால் குறைந்தது எட்டு, ஒன்பது மணிநேரம் அவர்கள் தண்டு வலித்திருக்கிறார்கள். அதற்குள் போன தூரம் மூன்று நாலு மைல் என்று யோவான் கணக்குச் சொல்கிறார். அவர்கள் "வருத்தப்படுகிறதை அவர் கண்டு" என்று நம் பழைய திருப்புதல், அதாவது தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு, சொல்லும் இடத்தில் மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் கடுமையானது. அது வதைபடுவதைக் குறிக்கும் சொல். முந்தின அதிகாரத்தில் லேகியோன் பிசாசு பிடித்தவன் "என்னை வேதனைப்படுத்தாதபடிக்கு" என்று கெஞ்சும்போதும் மாற்கு அதே வினையைத்தான் எழுதுகிறார். ஆக, வதைபடுகிறவர்களை அவர் பார்த்துவிட்டார். பார்த்தவர் வருகிறார். வந்தவர், கடந்துபோகிறவர்போல் காணப்படுகிறார்.

இந்த வசனம் எனக்குள் காயமாக மாறியது என் தம்பி மருத்துவமனையில் கிடந்த நாட்களில். இரவில் அவனுக்குத் துணை நான்தான். விடியற்காலை மூன்று மணி என்பது எப்படிப்பட்ட நேரம் என்று அங்கே தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் மருந்துக்குழாயில் சொட்டும் துளிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். நூறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்கும். யாரோ வருகிறார்கள் என்று நிமிர்வேன். சத்தம் கதவைத் தாண்டி அடுத்த அறைக்குப் போய்விடும். ஒவ்வொரு இரவும் அப்படி. ஆண்டவரும் அப்படித்தான் வருகிறார், நம் கதவைத் தாண்டிப் போகிறார் என்று மனம் சொல்லிற்று. அதைச் சொல்ல எனக்கு வேதத்திலேயே ஒரு வசனம் கிடைத்துவிட்டதே என்ற கசப்பும் சேர்ந்துகொண்டது. ஒரு இரவு, ஏறக்குறைய கோபத்தோடு, அந்தப் பகுதியை எடுத்தேன். என்னிடம் இருந்தது ஓரத்தில் ஒத்துவாக்கியக் குறிப்புகள் அச்சிட்ட வேதாகமம். எறும்பு வரிசைபோன்ற அந்த எழுத்துகளை அதுவரை நான் மதித்ததே இல்லை. 48-ஆம் வசனத்துக்கு நேரே "யோபு 9:8" என்று இருந்தது. செய்ய வேறொன்றும் இல்லாததால் திருப்பினேன்.

"அவர் ஒருவரே வானங்களை விரித்து, சமுத்திர அலைகளின்மேல் நடக்கிறவர்."

இது யோபு தேவனைப்பற்றிச் சொல்லும் வாக்கியம். "அவர் ஒருவரே" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடலின்மேல் நடப்பது யோபுவுக்குப் படைத்தவர் ஒருவருக்கே உரிய நடை. சீஷர்கள் காலத்தில் பரவலாக வாசிக்கப்பட்ட பழைய கிரேக்க வேதம், எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்கிறோமே அது, இந்த வரியை "தரையின்மேல் நடப்பதுபோலக் கடலின்மேல் நடக்கிறவர்" என்று தருகிறது. "கடலின்மேல் நடந்து" என்று மாற்கு எழுதும்போது அதே வினை, அதே பெயர்ச்சொல். இதுவே போதுமான அதிர்ச்சி. ஆனால் என்னை நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கவைத்தது அதற்கு மூன்று வசனங்கள் தள்ளி இருந்தது:

"இதோ, அவர் என் அருகில் போகிறார், நான் அவரைக் காணேன்; அவர் கடந்துபோகிறார், நான் அவரை அறியேன்."

அலைகளின்மேல் நடக்கிறவர். கடந்துபோகிறவர். அவரை அறியாமல் தவிக்கும் மனிதன். யோபு ஒன்பதில் நாலு வசனங்களுக்குள் இருக்கும் மூன்றும் மாற்கு ஆறில் மூன்று வசனங்களுக்குள் இருக்கின்றன. "கடந்துபோகிறார்" என்ற இடத்தில் கிரேக்க வேதத்திலும் மாற்குவிலும் ஒரே வினைச்சொல்: பரெல்தெய்ன்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் நாம் வந்து நிற்பது சீனாய் மலையில். "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று மோசே கேட்டபோது கர்த்தர் சொன்ன பதில் யாத்திராகமம் 33-ல் இருக்கிறது: என் தயையை எல்லாம் உனக்கு முன்பாகக் கடந்துபோகப்பண்ணுவேன், என் மகிமை கடந்துபோகும்போது உன்னைக் கன்மலையின் வெடிப்பிலே வைத்து, நான் கடந்துபோகுமட்டும் என் கரத்தினால் மூடுவேன். அடுத்த அதிகாரத்தில் அப்படியே நடக்கிறது. கர்த்தர் அவனுக்கு முன்பாகக் கடந்துபோகிறார். தம் நாமத்தைக் கூறுகிறார். "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்" என்று தம்மை அறிவிக்கிறார். பிறகு எலியா. சாக நினைத்து ஓடிப்போய் ஓரேப் குகையில் ஒளிந்தவனிடம், "நீ வெளியே வந்து கர்த்தருக்கு முன்பாகப் பர்வதத்தில் நில்" என்று சொல்லப்படுகிறது, "அப்பொழுது, இதோ, கர்த்தர் கடந்துபோனார்." இந்த இடங்களிலும் பழைய கிரேக்க வேதம் அதே வினையைத்தான் பயன்படுத்துகிறது.

இப்போது உங்கள் கேள்வியை மறுபடி கேளுங்கள். ஏன் கடந்துபோக வேண்டும்? வேதம் படித்து வளர்ந்த ஒரு யூதனின் காதில் "அவர் கடந்துபோனார்" என்பது கைவிட்டதன் சொல்லாக விழுந்திருக்காது. தேவன் தம்மை மனிதனுக்குக் காட்டும்போது அவர் செய்வது அது. மனிதன் தாங்கக்கூடிய அளவுக்குத் தம் மகிமையை அவன் முன்னால் நடத்திக்கொண்டு போவது. முப்பது ஆண்டுகளாக நான் கைவிடுதல் என்று வாசித்த சொல், சீனாயில் மோசே கேட்டு வாங்கிய பதில்!

நம் திருப்புதலைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "கடந்துபோகிறவர்போல் காணப்பட்டார்" என்பது சீஷர்களின் கண்ணுக்கு எப்படித் தோன்றிற்று என்று சொல்கிறது. மூலத்தில் இருப்பது அதைவிடத் துணிச்சலானது: "அவர்களைக் கடந்துபோக விரும்பினார்." அவருடைய விருப்பமே அதுதான் என்கிறார் மாற்கு. மொழிபெயர்த்தவர்களுக்கு அது உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல எண்ணத்தோடுதான் மென்மையாக்கியிருக்கிறார்கள். லூக்கா 24-ல் எம்மாவு ஊருக்குப் போன இருவரிடம் அவர் "அப்புறம் போகிறவர்போல" காண்பித்தாரே, அதுபோல இதுவும் அவர்களாகவே கூப்பிடட்டும் என்று காத்திருந்ததுதான் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அந்த விளக்கத்தில் தவறில்லை. ஆனால் லூக்கா அங்கே வேறு கிரேக்கச் சொல்லை எழுதுகிறார். தவிர, அது கடலை விளக்குவதில்லை. கடல் நடுவில், இருட்டில், தண்ணீரின்மேல் இந்தச் சொல்லை மாற்கு எழுதும்போது, மோசேயும் எலியாவும் யோபுவும் பின்னால் நிற்கிறார்கள்.

நியாயமான ஒரு ஆட்சேபம் எழும். "கடந்துபோகுதல் சாதாரணச் சொல்தானே? தெருவில் நடக்கிறவனுக்கும் அதையே சொல்லலாமே?" ஆம், சாதாரணச் சொல்தான். அது மட்டும் தனியாக நின்றால் எதையும் நிரூபிக்காது. நான் இதை ஒற்றைக் கயிறாகத் தொங்கவிடவில்லை. புரிகள் சேர்ந்து முறுக்கேறியிருக்கின்றன. கடலின்மேல் நடக்கிறார், கடந்துபோக விரும்புகிறார், கண்டவர்கள் நடுங்குகிறார்கள், "நான்தான்" என்கிறார், "பயப்படாதிருங்கள்" என்கிறார், படவில் ஏறியதும் காற்று அமர்கிறது. பழைய ஏற்பாட்டில் தேவன் வெளிப்படும் இடங்களை வாசித்துவிட்டு இதை வாசியுங்கள். ஒரே கை எழுதியதுபோல இருக்கும்.

அந்த "நான்தான்" என்பதையும் நிதானமாகப் பார்ப்போம். கிரேக்கத்தில் எகோ எய்மி. "நான், வேறு யாருமல்ல" என்று அடையாளம் சொல்லவும் அதே இரண்டு சொற்கள்தான். யோவான் 9-ல் பார்வையடைந்த குருடன் அக்கம்பக்கத்தாரிடம் "நான்தான் அவன்" என்று சொல்லும்போதும் அதுதான். எனவே எகோ எய்மி என்று வந்த இடமெல்லாம் தெய்வீக உரிமைகோரல் என்று பிரசங்கிப்பது எனக்கு ஒப்புதல் இல்லாத காரியம். வசனத்தை அப்படி வளைத்தால் கேட்கிறவர் ஒருநாள் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். ஆனால் இடத்தைப் பார்க்க வேண்டும். அலையின்மேல் நின்றுகொண்டு, "பயப்படாதிருங்கள்" என்பதோடு சேர்த்து ஒருவர் இதைச் சொன்னால் அது ஏசாயா 43-ஐப்போலவே ஒலிக்கிறது. "பயப்படாதே" என்று தொடங்கும் அந்த அதிகாரத்தில், "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்" என்று கர்த்தர் சொல்கிறார். பத்தாம் வசனத்தில் "நானே அவர்" என்று அவர் சொல்வதைப் பழைய கிரேக்க வேதம் எகோ எய்மி என்றே தருகிறது. மோசேக்கு முன்பாகக் கடந்துபோனபோது கர்த்தர் தம் நாமத்தைக் கூறினார் அல்லவா? இங்கே கடந்துபோக வந்தவர் வாய்திறந்து சொன்னது இந்த இரண்டு சொற்கள்.

மோசேயும் எலியாவும்கூடத் தண்ணீரில் அற்புதம் செய்தவர்கள்தானே என்று கேட்கலாம். செய்தார்கள். தண்ணீரைப் பிளந்தார்கள், பிளந்து, தரையில் நடந்து போனார்கள். மோசேக்குக் கோலும் எலியாவுக்குச் சால்வையும் இருந்தன. செங்கடலைக் கீழ்க்காற்றினால் ஒதுங்கப்பண்ணினவர் கர்த்தர் என்று யாத்திராகமம் வெளிப்படையாகவே சொல்கிறது. அவர்கள் யாரும் அலையின்மேல் நடக்கவில்லை. "உமது வழி கடலிலும், உமது பாதைகள் திரண்ட தண்ணீர்களிலும் இருந்தது; உமது அடிகள் தெரியப்படாமற்போயிற்று" என்று 77-ஆம் சங்கீதம் பாடுவது கர்த்தரைப்பற்றி. அடுத்த வசனம் "உமது ஜனங்களை ஒரு ஆட்டு மந்தையைப்போல நடத்தினீர்" என்று முடிகிறது. அதே நாளின் பகலில்தான் இயேசு ஜனங்களைப் பார்த்து, மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போலிருக்கிறார்களே என்று மனதுருகியிருந்தார்.

பகலைச் சொன்னதும் அப்பத்துக்கு வர வேண்டியிருக்கிறது. மத்தேயு இந்த இரவை, படவில் உள்ளவர்கள் "மெய்யாகவே நீர் தேவனுடைய குமாரன்" என்று பணிந்துகொண்டதாக முடிக்கிறார். மாற்கு முடிக்கும் விதம் யாரும் எதிர்பாராதது: "அவர்களுடைய இருதயம் கடினமுள்ளதாயிருந்தபடியினால் அப்பங்களைக்குறித்து அவர்கள் உணராமற்போனார்கள்." கடலின்மேல் நடந்தவரைப் பார்த்து அவர்கள் திகைத்ததற்குக் காரணம், மாலையில் தின்ற அப்பம் அவர்களுக்குப் புரியாதது. என்ன புரிந்திருக்க வேண்டும்? இடம் வனாந்தரம். பசித்த ஜனம். நூறுநூறுபேராகவும் ஐம்பது ஐம்பதுபேராகவும் உட்காரவைக்கப்படுகிறார்கள், மோசே ஜனத்தை நூறுகளாகவும் ஐம்பதுகளாகவும் ஒழுங்குபடுத்தினதுபோல. மாற்கு மட்டும் சொல்லும் ஒரு சிறு தகவல் எனக்கு மிகவும் பிடித்தது: புல் பசும்புல்லாக இருந்தது. புல்லுள்ள இடங்களில் மேய்க்கிற கர்த்தரை எந்த யூதனும் பாட்டாகவே அறிவான். "தேவன் வனாந்தரத்திலே போஜனபந்தியை ஆயத்தப்படுத்தக்கூடுமோ?" என்று 78-ஆம் சங்கீதத்தில் முற்பிதாக்கள் கேட்ட கேள்விக்கு அன்று மாலை பதில் பரிமாறப்பட்டது. மிஞ்சின துணிக்கைகளைப் பன்னிரண்டு கூடை நிறைய எடுத்தவர்கள் இவர்களே. கையில் கூடை கனத்தது. யார் பந்தி வைத்தார் என்பது மட்டும் உறைக்கவில்லை. அது உறைத்திருந்தால், இரவில் கடலின்மேல் நடந்து வருகிறவரைக் கண்டு "ஆவேசம்", அதாவது பேய், என்று அலறியிருக்க மாட்டார்கள்.

மாற்கு இப்படித்தான் எழுதுகிறவர். தம் கருத்தை வாக்கியமாகச் சொல்லாமல், காட்சியை முன்னால் வைத்துவிட்டுக் கேள்வியை நம் கையில் கொடுக்கிறார். இரண்டாம் அதிகாரத்தில் "தேவன் ஒருவரே தவிரப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்" என்று வேதபாரகர் மனதுக்குள் கேட்கிறார்கள், கேள்வி சரியானது. நான்காம் அதிகாரத்தில் காற்றையும் கடலையும் அதட்டினபோது "இவர் யாரோ?" என்று சீஷர்கள் கேட்கிறார்கள். அதுவும் சரியான கேள்வி. முதல் அதிகாரத்திலேயே "கர்த்தருக்கு வழியை ஆயத்தப்படுத்துங்கள்" என்ற ஏசாயாவின் வார்த்தையைக் காட்டிவிட்டு, அந்த வழியில் இயேசு நடந்துவரச் செய்கிறார். இதை எழுதியவர் பல தெய்வங்களில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளத் தயாராக இருந்த மனிதர் அல்ல. கர்த்தர் ஒருவரே கர்த்தர் என்பதே பிரதான கற்பனை (கட்டளை) என்று இயேசுவின் வாயாலேயே பன்னிரண்டாம் அதிகாரத்தில் பதிவு செய்தவர். அப்படிப்பட்டவர், ஒருவருக்கே உரிய நடையை நாசரேத்தூர் தச்சனுக்குக் கொடுக்கிறார் என்றால், அது கைதவறி விழுந்த சொல்லாக இருக்க முடியாது.

அப்படியானால் தேவனாக இருப்பவர் மலையில் யாரிடம் ஜெபம்பண்ணினார்? இதை மறைத்துவிட்டு உங்களுக்குப் பதில் எழுத மனம் வரவில்லை. மாற்குவும் மறைக்கவில்லை, மலையில் ஜெபிக்கிறவரையும் கடலில் நடக்கிறவரையும் மூன்று வசனங்களுக்குள் வைக்கிறார். அந்த நாளைக் குமாரனும் அறியார் என்ற 13:32-ஐயும் அவரே எழுதிவைத்திருக்கிறார். பிதாவிடம் பேசுகிற குமாரன், களைத்துப்போகிற குமாரன், படவின் பின்புறத்தில் தலையணையில் நித்திரையாயிருந்த குமாரன், அலையின்மேல் நடக்கிற அதே குமாரன். இந்த இரண்டையும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் சேர்த்துச் சொல்ல சபைக்கு நெடுங்காலம் ஆயிற்று. 325-ல் நிசேயாவிலும் 451-ல் கல்செதோனிலும் கூடிய சபைச் சங்கங்களில் சொற்களைத் தேடித்தேடி அமைத்தார்கள். சொற்கள் அப்போது அமைந்தன. விசுவாசம் அதற்கு வெகு முன்னாலேயே இருந்தது. ஏறக்குறைய 112-ல் பித்தினியா என்ற உரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி, உரோமப் பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதிப் பாடுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். மாற்கு ஆறாம் அதிகாரத்தின் பகுதிகளே டப்ளினில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஏட்டில் இருக்கின்றன. அது மூன்றாம் நூற்றாண்டுக் கையெழுத்து, நிசேயாவுக்கு முந்தையது. ஆகவே, பின்னால் வந்த சபை ஏற்றிவைத்தது என்ற சந்தேகத்தை இந்த அளவில் விட்டுவிடலாம் என்றே சொல்வேன்.

நான் உண்மையில் உங்களிடம் சொல்ல விரும்புவது இனிமேல்தான் வருகிறது.

சீனாயில் நடந்ததும் கடலில் நடந்ததும் ஒரே மாதிரி முடியவில்லை. மோசேயைக் கன்மலை வெடிப்பில் வைத்துக் கையால் மூடி, கடந்துபோனபின் கையை எடுத்து, "என் பின்பக்கத்தைக் காண்பாய், என் முகமோ காணப்படாது" என்றார். எலியாவோ மெல்லிய சத்தத்தைக் கேட்டதும் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகைவாசலில் நின்றான். கடந்துபோகிறவர் கடந்தே போனார். கடலில் அவர் கடந்துபோக வந்தார், அவர்கள் அலறினார்கள், அவர் நின்றார். உடனே பேசினார். பிறகு மாற்கு மிகச் சாதாரணமாக எழுதுகிறார்: "அவர்கள் இருந்த படவில் ஏறினார்."

இதை நான் அந்த மருத்துவமனை அறையில் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. அன்று இரவு யோபுவையும் யாத்திராகமத்தையும் திருப்பிவிட்டு மாற்குவுக்கே திரும்பி, தம்பி விழித்திருக்கிறான் என்று தெரிந்ததால் மெதுவாகச் சத்தமாக வாசித்தேன். 48-ஆம் வசனம் முடியும் இடத்தில் செவிலியர் ஊசி மாற்ற உள்ளே வந்தார். நிறுத்தினேன். அவர் வேலை முடிந்து வெளியே போகிறவரைக்கும் தம்பி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவு மூடியதும் என் பக்கம் திரும்பி, உலர்ந்த உதட்டோடு கேட்டான்: "அண்ணா, ஏன் நிறுத்திவிட்டாய்? படவில் ஏறினாரா, இல்லையா?"

சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட கதை. முடிவு அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டான். "ஏறினார்" என்று மட்டும் சொல்லாமல், வசனத்தை விட்ட இடத்திலிருந்து கடைசிவரை வாசித்தேன். என் விரல் அந்த வரியின்மேல் இருந்தது. அவன் கையை நீட்டி அந்த இடத்தைத் தொட்டான். படிக்க முடியாத அளவுக்குக் கண் மங்கியிருந்தது. ஆனாலும் தொட்டான்.

அதற்குப் பதினோரு நாட்கள் கழித்து அவன் ஆண்டவரிடம் போனான். காற்று அமரவில்லை. அமர்ந்தது என்று உங்களிடம் சொன்னால் அது பொய். படவில் அவர் ஏறினதும் காற்று நின்றதல்லவா, எங்களுக்கு ஏன் நிற்கவில்லை என்று நான் கேட்டிருக்கிறேன். இன்றும் சில இரவுகளில் கேட்கிறேன். ஆனால் அவர் கதவைத் தாண்டிப் போய்விட்டார் என்று அதற்குப் பிறகு ஒருநாளும் நான் சொன்னதில்லை. அந்தப் பதினோரு நாட்களும் அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டும் இல்லை என்பதை, என் பெயரை அறிவதுபோல அறிந்திருந்தேன். வானங்களை விரித்தவர், அலையின்மேல் நடக்கிறவர், மோசேயிடம் முகத்தைக் காட்டாதவர், இரண்டடி அகல நாற்காலியும் ஒரு கட்டிலும் கிடந்த இடத்தில் இருந்தார். இயேசு தேவன் என்று நான் சொல்லும்போது, ஒரு சூத்திரத்தை ஒப்புக்கொள்வதாக எனக்குத் தோன்றுவதில்லை. படவில் ஏறினவர் வெறும் நல்ல மனிதராக இருந்தால், தவிக்கிறவர்களோடு இன்னொருவரும் சேர்ந்து தவிக்கிறார், அவ்வளவுதான். ஏறாதவர் தேவனாக இருந்தால், அவர் யோபு சொன்னபடி நான் அறியாமலே கடந்துபோய்விட்டவர். மாற்கு இரண்டையும் ஒரே காட்சிக்குள் வைத்திருப்பதால்தான் எனக்குப் பிழைப்பு.

நீங்கள் இதை என் பேச்சை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஒரு மாலை ஒதுக்கி, மாற்கு 6:30-லிருந்து ஒன்பதாம் அதிகாரத்தின் நடுப்பகுதிவரை ஒரே மூச்சில் வாசியுங்கள். பெத்சாயிதாவுக்குப் புறப்பட்ட படவு கெனேசரேத்தில் போய்ச் சேர்வதைக் கவனியுங்கள். பெத்சாயிதாவுக்கு அவர்கள் போய்ச் சேர்வது எட்டாம் அதிகாரத்தில்தான், அதுவும் படவில் மறுபடி அப்பத்தைப்பற்றி "இன்னும் சிந்தியாமலும் உணராமலும்" இருக்கிறீர்களா என்று கேட்கப்பட்ட பிறகு. அங்கே ஒரு குருடனுக்குப் பார்வை இரண்டு தடவையாக வருகிறது. முதலில் மனுஷர் மரங்களைப்போலத் தெரிகிறார்கள், பிறகே தெளிவு. சீஷர்களுடைய பார்வையும் அந்த வேகத்தில்தான் வருகிறது, நம்முடையதும்.

பிறகு ஒன்பதாம் அதிகாரம். உயர்ந்த மலை. அவருடைய வஸ்திரம் உறைந்த மழையைப்போல வெண்மையாகப் பிரகாசிக்கிறது. அவரோடு பேசிக்கொண்டிருக்கும் இருவர் யார் என்று பாருங்கள். ஒருவன் கன்மலை வெடிப்பில் முகம் காணாமல் நின்றவன். மற்றவன் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டவன். இப்போது இருவரும் மூடாத முகத்தோடு, அவருக்கு எதிரே நின்று, பேசிக்கொண்டிருக்கிறார்கள்.